"முடியாது" என்று சொல்ல முடிந்த நாள்

சிக்கனமாக இருந்து என்னத்தைக் கண்டாய் என்று யாராவது கேட்டால், ஒரு நாளைத்தான் சொல்வேன். மேலாளர் ஒரு தரச் சோதனை அறிக்கையை என் முன்னால் நீட்டினார். நடக்காத சோதனை நடந்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவின் மூடியைக்கூட அவரே கழற்றி வைத்திருந்தார். "முடியாது சார்" என்றேன். குரல் நடுங்கியது. ஆனால் 14 மாதச் செலவுக்கான பணம் வங்கியில் இருந்தது. அடுத்த வாரம் வேலையை விட்டேன்.

அது ஒரே நாளில் சேர்ந்த பணம் இல்லை. முதலில் நோட்டில் செலவை மூன்று கட்டமாகப் பிரித்து எழுதினேன்: தேவைக்கு, ஆசைக்கு, பிறர் பார்வைக்கு. மூன்றாவது கட்டம் நிறைந்த வேகம் எனக்கே அதிர்ச்சி. அதை மட்டும் வெட்டினேன், ஆசையில் கை வைக்கவில்லை. சம்பளத்தில் 10 சதவீதம் மிச்சம் பிடித்த காலத்தில், ஒரு மாதச் செலவைச் சேர்க்க 9 மாதம் உழைக்க வேண்டியிருந்தது. பாதியை மிச்சம் பிடிக்கத் தொடங்கியதும், ஒரு மாதம் உழைத்தால் ஒரு மாதம் கையில் நின்றது. செலவு குறைந்தால் சேமிப்பும் கூடுகிறது, வாழத் தேவையான தொகையும் இறங்குகிறது. இரண்டு பக்கமும் லாபம்.

*

பிறர் பார்வைக்கான அந்த மூன்றாவது கட்டச் செலவு எனக்குக் கடனாகவே வந்தது. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு 2 வருடம் ஓட்டினேன். மாதம் 3 சதவீத வட்டி என்றால் சின்னதாகத் தெரியும். வட்டிக்கு வட்டி ஏறினால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

அப்போதுதான் பழைய சக ஊழியர் ஒருவரைச் சந்தித்தேன். புதுக் கார் வாங்கியிருந்தார். வாழ்த்துச் சொன்னேன். "இதோட தவணை முடியுற வரைக்கும் இந்த வேலையை விட முடியாதுப்பா" என்றார், கார் கதவில் கை வைத்தபடியே. அந்த வேலையில் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் கார்டைக் கத்தரித்துப் போட்டேன். கடன் அடைய அப்புறமும் 11 மாதம் ஆனது.

*

வாடகைக்கும் மருந்துக்குமே சம்பளம் பத்தாதவரிடம் போய் சிக்கனம் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு வேண்டியது கூடுதல் சம்பளம். இதை யாராவது சொல்லியாக வேண்டும்.

அந்த 14 மாதப் பணம் சேர்வதற்கு முன்பே எனக்குக் கொஞ்சம் மிஞ்சியது. பெரிய தொகை இல்லை, வேலையை விடவெல்லாம் போதாது. ஆனால் அப்பா மருத்துவமனையில் இருந்தபோது, சம்பளம் இல்லாத விடுப்பில் 3 வாரம் கூடவே இருக்க முடிந்தது. ஒரு மத்தியானம் அவருக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு வேலைக்குப் போகலையா?"

"லீவு போட்டிருக்கேன்ப்பா."

"எத்தனை நாள்?"

"நீங்க வீட்டுக்கு வர்ற வரைக்கும்."

சரி என்று தலையசைத்துவிட்டு, அடுத்த கையை நீட்டினார்.