மூன்று வயது மகளை ஏற்றிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குச் செல்ல என்னென்ன வேண்டும்?

கேள்வி: ஆரையம்பதித் தாய்

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஆரையம்பதியில் வசிக்கிறேன். கல்லடியில் ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டதால், அலுவலகத்திற்கு அருகிலுள்ள முன்பள்ளியில் அவளைச் சேர்க்க இருக்கிறோம். இதுவரை பஸ்ஸிலும், பஸ் தவறும் நாட்களில் ஓட்டோவிலும் போய்வந்தேன். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கூடிய ஓட்டோக் கட்டணம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மாதம் முழுவதும் அதை நம்பியிருக்க எங்கள் வருமானம் இடங்கொடுக்காது.

பள்ளிக்கூட நாட்களில் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். திருமணத்திற்குப் பிறகு தொடவேயில்லை. இப்போது மீண்டும் தொடங்க விரும்புகிறேன், ஆனால் மூன்று விடயங்கள் என்னைத் தடுக்கின்றன. எத்தகைய சைக்கிள் வாங்குவது, பிள்ளையை எங்கே எப்படி இருத்துவது என்று தெரியவில்லை. அலுவலகத்திற்குச் சேலையில்தான் செல்ல வேண்டும். எல்லாவற்றிலும் பெரியது பிரதான வீதியைப் பற்றிய பயம். கல்முனைப் பக்கமிருந்து வேகமாக வரும் பஸ் பின்னால் ஹோர்ன் அடித்தாலே கை நடுங்குகிறது. நாள்தோறும் சைக்கிள் ஓட்டும் பெண்கள், குறிப்பாகப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றவர்கள், தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், செங்கலடி

அன்பு மகளுக்கு, உங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனெனில் எனது சேவைக்காலம் முழுவதும் வீடு வீடாகச் சைக்கிளில் சென்றே தாய்மாரைப் பார்த்தேன். ஹோர்ன் சத்தத்திற்குக் கை நடுங்குவது கோழைத்தனம் அன்று. பின்னால் வருவதைப் பார்க்க முடியாதவருக்கு, சைக்கிளை நினைத்த இடத்தில் நிறுத்தவும் நினைத்த இடத்தில் எடுக்கவும் கை பழகாதவரைக்கும் அந்த நடுக்கம் இருக்கத்தான் செய்யும். ஆகவே வீதிக்கு இறங்குவதற்கு முன் நிறுத்துவதையும் எடுப்பதையும் பழகுங்கள். நீண்ட தூரம் ஓடுவது தானாக வரும்.

காலையில் ஆட்கள் குறைந்த மைதானத்திலோ கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையிலோ, சீற்றை நன்றாகப் பதித்து, இரண்டு பாதங்களும் முழுமையாக நிலத்தில் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். சமநிலை முற்றாக மறந்துபோயிருந்தால் இரண்டு பெடல்களையும் கழற்றிவிட்டு, காலால் நிலத்தை உந்தி உந்திச் சில்லை உருட்டுங்கள். வளர்ந்தவர்கள் விழாமல் பழகுவதற்கு இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை. (இடது பெடலின் மரை எதிர்ப்பக்கமாக வெட்டப்பட்டிருக்கும். ஸ்பானர் சாவியைப் பெடலின் தண்டில் மேல்நோக்கிப் பொருத்தி, சைக்கிளின் பின்பக்கமாகத் தள்ளினால் இரண்டு பக்கமும் கழலும்.) சமநிலை திரும்பிய பிறகு, நேராக ஓடிக்கொண்டே வலது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கப் பழகுங்கள். முதலில் தலை திரும்பும் பக்கத்திற்கு ஹாண்டிலும் இழுபடும். இழுபடாமல் பார்க்க வந்துவிட்டால் பஸ்ஸைப் பற்றிய அச்சத்தில் பாதி போய்விடும். அதற்குப் பிறகுதான் ஒரு கையை எடுத்துச் சைகை காட்டுவது.

பிரதான வீதியில் நமது பகுதிக்கே உரிய ஓர் ஆபத்து உண்டு. தார் முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் ஒரு படி இறக்கம் இருக்கும். பயந்தவர்கள் ஹோர்ன் கேட்டதும் மணலுக்குள் இறக்கிவிட்டு, ஓடியபடியே சரிவாகத் தாருக்கு ஏற முயல்வார்கள். முன்சில்லு அந்த விளிம்பில் உரசி, சைக்கிள் வீதியின் பக்கமாகச் சாயும். மணலுக்குள் இறங்க நேர்ந்தால் நின்று, காலூன்றி, பின்னால் பார்த்து, சைக்கிளைத் தூக்கி வைத்தே ஏறுங்கள். விளிம்பை ஒட்டியபடி ஓடவும் வேண்டாம். ஒரு கை நீளம் உள்ளே ஓடினால் உங்களை முந்துபவர் விலகிச் செல்லத்தான் வேண்டும். விளிம்பில் ஓடினால் இடமிருப்பதாக எண்ணி உரசிக்கொண்டு போவார்.

எல்லா நாளும் பிரதான வீதியில் போக வேண்டும் என்பதும் இல்லை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில்தான் ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடி எல்லாம் இருக்கின்றன. பிரதான வீதிக்கு இரு பக்கமும் உள்வீதிகள் உண்டு. சற்றுச் சுற்றாக இருந்தாலும், பிள்ளையை ஏற்றும் நாட்களில் இயன்ற வரைக்கும் அவற்றாலேயே செல்லுங்கள்.

பதில்: காத்தான்குடி ராத்தா

தங்கச்சி, உடையைப் பற்றி நான் சொல்கிறேன். நான் அபாயாவோடு ஓட்டுகிறேன். எனது அயலில் உள்ள ஆசிரியைகள் சேலையோடு ஓட்டுகிறார்கள். இரண்டுக்கும் தேவை ஒன்றே: குறுக்குப் பார் இல்லாத தாழ்ந்த சட்டம், சங்கிலியை முழுவதுமாக மூடும் கவர், பின்சில்லின் இரு பக்கமும் துணி உள்ளே போகாதபடி வலை அல்லது தகடு. பாதிக் கவர் போட்ட சைக்கிளைக் கடைக்காரர் காட்டினால் வாங்காதீர்கள். துணி சிக்குவது கவர் முடியும் அந்த இடத்தில்தான். சேலையின் முந்தானையைத் தோளில் ஊசி குத்தி, மிச்சத்தை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகிவிட வேண்டும். கொசுவத்தை முழங்காலுக்குக் கீழே ஒரு துணிக்கிளிப்பால் சேர்த்துப் பிடித்தால் பெடல் மிதிக்கும்போது விரியாது. அபாயாவுக்கு உள்ளே நீளக் காற்சட்டை அணிந்தால் காற்றைப் பற்றிய கவலையே இல்லை. சல்வாரின் துப்பட்டாவைப் பின்னால் தொங்கவிடக் கூடாது.

சனம் கதைப்பதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் அது மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் ஊரிலும் கதைத்தார்கள். மருந்தெடுக்கவும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும் ஒருவரின் நேரத்திற்காகக் காத்திராமல் போய்வரும் பெண்ணைப் பார்த்து, கதைத்தவர்களின் மகள்மாரே இன்று சைக்கிள் கேட்கிறார்கள்.

பதில்: கல்முனை ஆசிரியை

இதற்கு நமது மொழி பேசும் இன்னோர் இடத்தில் பெரிய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதனை முன்னின்று ஊக்குவித்தார். பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள் என்பதும், முன்னாலுள்ள பாரில் பிள்ளையை இருத்தலாம் என்பதால் சிலர் அதனையே விரும்பினார்கள் என்பதும் பதிவாகியிருக்கின்றன. ஆகவே வீட்டில் கணவரின் சைக்கிள் இருந்தால், புதிதாக வாங்கும் வரை காத்திராமல், பாரில் ஒரு சிறிய சீற்றைப் பூட்டித் தொடங்கலாமே என்று தோன்றுகிறது.

பதில்: சைக்கிள் திருத்தும் கடை, களுவாஞ்சிகுடி

அக்கா, அப்பாவின் கடையில் நானும் வேலை செய்கிறேன். பிள்ளையின் கால் சில்லுக்கம்பிக்குள் போன சைக்கிள்களைத் திருத்தியிருக்கிறேன் என்பதால் இதனைச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

முதலில் ஆசிரியை அவர்களின் யோசனை. புதுக்கோட்டைப் பெண்களின் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன், ஆனால் இந்தப் பிள்ளைக்குப் பார் பொருந்தாது. முன்னால் பூட்டும் சீற்றுகளுக்கு ஐரோப்பிய தரம் 15 கிலோவையே எல்லையாக வைத்திருக்கிறது. மூன்று வயதுப் பெண்பிள்ளை சராசரியாக 14 கிலோ இருப்பாள். சில மாதங்களில் எல்லையைத் தாண்டிவிடுவாள். முன்னால் பாரம் கூடினால் ஹாண்டில் கனத்து, புதிதாக ஓட்டுபவரின் கையை இழுக்கும். சேலையோடு பாருக்கு மேலாகக் காலைத் தூக்கி ஏறுவதும் இறங்குவதும் பிள்ளையை வைத்துக்கொண்டு செய்யக்கூடியதன்று. உங்களுக்குப் பின்னால் பூட்டும் சீற்றே சரி. அதற்கு 22 கிலோ வரை இடமுண்டு.

வெறும் கரியரில் தலையணை கட்டி இருத்துவதை நம்மூரில் நாள்தோறும் காண்கிறோம். அதைச் செய்யவே வேண்டாம். நித்திரை தூங்கும் பிள்ளை காலைத் தொங்கவிடும். குதிக்கால் கம்பிக்கும் சட்டத்திற்கும் நடுவே அகப்பட்டால் தோல் உரிவதோடு நிற்காது, எலும்பும் முறியும். சீற்றுக்கு உயர்ந்த முதுகு, தோளிலும் இடுப்பிலும் பட்டி, காலை வைத்துக் கட்டும் மிதிகட்டை, காலுக்கும் சில்லுக்கும் இடையே மறைப்பு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். விலை கட்டுப்படியாகாவிட்டால் வெல்டிங் கடையில் இரும்பில் செய்விக்கலாம். மறைப்பும் மிதிகட்டையும் இல்லாமல் மட்டும் வாங்கி வராதீர்கள்.

கரியரைப் பாருங்கள். சிலவற்றில் தாங்கும் எடை பொறிக்கப்பட்டிருக்கும். 18 கிலோ என்று இருந்தால், பிள்ளையும் நாலு கிலோ சீற்றும் சேர்ந்து அப்போதே எல்லைக்கு வந்துவிடும். 25 கிலோ தாங்குவது தேவை. எடை பொறிக்கப்படாத பழைய இரும்புக் கரியரானால், அதன் கால்கள் பின்சில்லின் அச்சில் உறுதியாகப் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்றும், வெல்டிங் வெடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நமது கடல் உப்புக்காற்றில் வெடிப்பு துருவுக்குள் மறைந்திருக்கும். கத்தியால் சுரண்டிப் பாருங்கள்.

கியர் வேண்டாம் என்பது எனது துணிவான கருத்து. மட்டக்களப்பில் ஏற்றம் இல்லை. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுத்தான் நமது மலை. அதற்காகக் கியர் வாங்கினால் மணலும் உப்பும் அதனை விரைவில் தின்றுவிடும். அந்தக் காற்று பலமாக வீசும்போது சீற்றின் முதுகில் பக்கக்காற்று பிடித்து சைக்கிளைத் தள்ளும். அப்போது ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் வேகத்தைக் குறையுங்கள்.

பிறேக் விடயத்தில் ஒன்றே ஒன்று. கேபிளுக்குப் பதிலாக இரும்புத் தண்டுகளால் இயங்கும் கம்பிப் பிறேக்கும் நிக்கல் பூசிய இரும்பு றிம்மும் உள்ள சைக்கிள் மாரி மழையில் ஏறத்தாழப் பிடிக்காது. கார்த்திகை, மார்கழியில் பிள்ளையை ஏற்றுபவருக்கு அலுமினிய றிம்மும் கேபிள் பிறேக்கும் அவசியம். எந்தக் கை எந்தச் சில்லைப் பிடிக்கிறது என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை இருக்கும்போது பின்பிறேக்கை முதலில் பிடித்து, முன்பிறேக்கை மெதுவாகச் சேருங்கள். ரயரின் பக்கத்தில் அச்சிட்ட அளவுக்குக் காற்று இருக்கட்டும். காற்றுக் குறைந்த ரயரில் பாரம் ஏற்றினால் ரியூப் றிம்மில் நசுங்கி வெட்டுப்படும். சங்கிலிக்குத் தேங்காயெண்ணெய் விட வேண்டாம், அது பசையாகி மணலைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெசின் எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டால் போதும்.

மகளை ஏற்றுவதற்கு முன், சீற்றில் பத்துக் கிலோ அரிசிப் பையை வைத்துப் பட்டி கட்டி, ஓடிப் பழகுங்கள். நிறுத்தும்போது சைக்கிள் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அரிசியோடு அறிந்துகொள்வது நல்லது. ஒற்றைக்கால் ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு இரட்டைக்கால் ஸ்டாண்ட் போடுங்கள். ஆனாலும் எந்த ஸ்டாண்டையும் நம்பிப் பிள்ளையைச் சீற்றில் விட்டு விலகக் கூடாது. கூடையும் பையும் முதலில், பிள்ளை கடைசியில்; இறக்கும்போது பிள்ளையே முதலில். சாப்பாட்டுப் பையை ஹாண்டிலில் தொங்கவிடாமல் முன்கூடையில் வையுங்கள். வெயிலுக்காக ஒரு கையில் குடை பிடிப்பதையும் பிள்ளை இருக்கும் நாளில் விட்டுவிடுங்கள், தொப்பி போதும்.

ஆரையம்பதித் தாய்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கணவரோடு இருந்து அனைத்தையும் வாசித்தேன். தாழ்ந்த சட்டமுள்ள சைக்கிளையே தேடுகிறோம். வெல்டிங் கடையில் சீற்றுக்கு அளவு கொடுப்பதாக இருக்கிறோம். இன்னும் இரண்டு கேள்விகள். பிள்ளைக்குத் தலைக்கவசம் உண்மையில் தேவையா? எனது மச்சாள் தனது எட்டு மாதக் குழந்தையைத் துணியால் முதுகில் கட்டிக்கொண்டு என்னோடு ஓடி வர விரும்புகிறாள், அது சரிவருமா?

பதில்: ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், செங்கலடி

மச்சாளிடம் பொறுக்கச் சொல்லுங்கள், மகள். ஒரு வயது நிறையாத குழந்தையைச் சைக்கிளில் ஏற்றக் கூடாது என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. எட்டு மாதத்தில் குழந்தை இருக்கப் பழகியிருந்தாலும், குழியில் சில்லு விழும்போது தலையின் பாரத்தைத் தாங்கக் கழுத்துக்கு இன்னும் பலம் வரவில்லை. முதுகில் கட்டினால், தாய் விழும்போது குழந்தை அடியில் அகப்படும். அந்தக் குழந்தைக்கு ஒரு வயது நிறைந்து, சாயாமல் நெடுநேரம் இருக்கவும் தலைக்கவசத்தைத் தாங்கவும் வந்த பிறகு சீற்றில் வைக்கலாம். அதுவரை குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மச்சாள் தனியாக ஓட்டிப் பழகட்டும்.

உங்கள் மகளுக்குத் தலைக்கவசம் கட்டாயம் வேண்டும். சைக்கிள் நின்ற நிலையில் சாய்ந்தாலும் சீற்றில் கட்டப்பட்ட பிள்ளையின் தலை உயரத்திலிருந்து நிலத்தில் படும். மோட்டார் சைக்கிளுக்கான பெரிய கவசம் அவளுக்குப் பாரம். சைக்கிளுக்கான சிறுவர் கவசத்தைக் கேட்டு வாங்குங்கள். புருவத்திற்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நிற்க வேண்டும், பட்டி காதுக்குக் கீழே சேர வேண்டும், நாடிக்கும் பட்டிக்கும் நடுவே ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும், மீண்டும் அணிவிக்காதீர்கள். நீங்களும் ஒன்று அணிந்தால் அவள் அடம்பிடிக்காமல் போட்டுக்கொள்வாள்.

பதில்: சைக்கிள் திருத்தும் கடை, களுவாஞ்சிகுடி

அக்கா, வெல்டிங் கடைக்குப் போகும்போது சைக்கிளையும் மகளையும் கூட்டிச் செல்லுங்கள். மிதிகட்டையின் உயரத்தை அவள் இருக்கும்போதுதான் அளக்க முடியும். வளர வளர இறக்கிப் பூட்டுவதற்கு மூன்று துளைகள் போடச் சொல்லுங்கள். சீற்றைப் பின்அச்சுக்கு மிகவும் பின்னால் தள்ளிப் பூட்டினால் முன்சில்லு தூக்கும். உங்கள் முதுகு இடிக்காத அளவுக்கு முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள். வெல்டிங் முடிந்ததும் துருத்தடுப்புப் பூச்சு இரண்டு கை அடித்த பிறகே நிறம் அடிக்க வேண்டும். சீற்றுக்கடியிலுள்ள நட்டுகளை முதல் வாரம் ஓடிய பிறகு ஒருமுறை இறுக்கிவிடுங்கள், புதிதில் அவை இளகும்.