புது பேட் போட்டும் பிரேக் கிறீச்சிடுகிறது

முன் சக்கரத்தில் செமி மெட்டாலிக் பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும், உலோகத்தூள் கலந்த கட்டை) போட்டதிலிருந்து மெதுவாக நிறுத்தும்போது கிறீச்சென்று கத்துகிறது. பிடிப்பில் குறையில்லை. செராமிக் (பீங்கான் கலவை) பேட் போட்டால் சத்தம் நிற்குமா?

பதில் 1:
பெரும்பாலும் குறையும். செமி மெட்டாலிக்கில் உலோகத்தூள் அதிகம், சத்தமும் அதிகம். ஆனா மலைப்பாதை, பாரம்னா அதை மாத்தாதீங்க, சூட்டைத் தாங்கும்.

பதில் 2:
பேடை மட்டும் குறை சொல்லாதீங்க. பழைய ஷிம் (பேடின் பின்னால் வரும் மெல்லிய தகடு), பேடைப் பிடிக்கும் கிளிப்பையே திரும்பப் போட்டாங்களா? பேடின் காது (ஓரத்தில் நீட்டியிருக்கும் முனை) உட்காரும் இடத்துல துருவை வயர் பிரஷ்ஷால் தேய்ச்சு, சூடு தாங்கும் பிரேக் கிரீஸை மெலிசா தடவணும். உரசும் முகத்துல கிரீஸ் பட்டுச்சுன்னா அந்த பேட் குப்பைக்குத்தான். பேடை அழுத்தும் பகுதி நகர உதவும் ஸ்லைடு பின்னும் கையால தள்ளினா நகரணும்.

பதில் 3:
செராமிக் போட்டா, டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் பழைய படலத்தை உப்புத்தாளால் தேய்ச்சிடுங்க. பிறகு ஆளில்லாத ரோட்டில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை, முழுசா நிறுத்தாம, எட்டுப் பத்து தடவை பிரேக்கை மிதமா அழுத்தி ஆறவிடுங்க, புது பேட் டிஸ்க்கில் படியும்.