மறு: கார்டியாக் ரீஹேபிலிடேஷன் – 'இதயத் தேற்றுப் பயிற்சி' சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளுக்கான நம் கையேட்டில், இதய நோயாளிகள் தேறிவரப் பயிற்சியும் ஆலோசனையும் தரும் சிகிச்சையான கார்டியாக் ரீஹேபிலிடேஷனை 'இதயத் தேற்றுப் பயிற்சி' எனலாம் என்று சொல்லியிருந்தேன். நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில் இது.

> 'இதய மறுவாழ்வு' ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா, அந்தச் சொல்லில் பிழையில்லை. நோயாளியின் காதில் அது எப்படி விழுகிறது என்பதுதான் என் கவலை. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய என் பெரியப்பாவிடம் "மறுவாழ்வு மையத்துக்குப் போகணும்" என்றதும், "நான் என்ன குடிச்சா கெட்டேன்?" என்று முகம் வாடிவிட்டார். அவர் பார்த்த பலகையெல்லாம் போதை மறுவாழ்வு மையத்துப் பலகைதான். ஈழத்து 'புனர்வாழ்வு' இன்னும் கனமான சொல். 2009-க்குப் பின் முன்னாள் போராளிகளைத் தடுத்து வைத்த முகாம்களின் பெயராகிவிட்டது அது.

நம்மிடம் 'தேறுதல்' இருக்கிறது. "உடம்பு தேறிடுச்சா?" என்றுதானே விசாரிக்கிறோம். துக்கத்தில் இருப்பவரையும் தேற்றுகிறோம். இந்தச் சிகிச்சையில் இரண்டும் உண்டு. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் நடை, சைக்கிள், லேசான எடைப் பயிற்சி. உப்பில் கட்டுப்பாடு. தினமும் காலையில் எடை பார்ப்பது. இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் உடம்பில் நீர் கோக்கிறது என்று சந்தேகித்து மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அப்புறம், பயமும் மனச்சோர்வும் நீங்க ஆலோசனை. ஒரு காலத்தில் ஹார்ட் ஃபெயிலியர் நோயாளிகளை அசையாமல் படுக்கச் சொன்னார்கள். 2,331 பேர் பங்கேற்று 2009-இல் முடிவு வெளியான ஹெச்.எஃப்-ஆக்‌ஷன் ஆய்வு, இந்த நோய் மோசமாகாமல் ஒரே நிலையில் இருப்பவர்களுக்கு முறையான உடற்பயிற்சி பாதுகாப்பானது என்று காட்டியது.

> 'இதயத் தேற்றம்' என்று சுருக்கலாமே?

வேண்டாம். பள்ளிப் பிள்ளைக்குத் தேற்றம் என்றால் பிதாகரஸ்தான் நினைவுக்கு வருவார். 'இதயத் தேற்றுப் பயிற்சி'யில் அந்தக் குழப்பமில்லை. பயிற்சி என்றால் உடற்பயிற்சி மட்டும்தானே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உப்பைக் குறைத்துச் சாப்பிடப் பழகுவதும் பயிற்சிதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஹார்ட் ஃபெயிலியரைக் குறிக்கும் 'இதயச் செயலிழப்பு' என்ற சொல்லைக் கேட்டு, இதயம் நின்றேவிட்டதாகப் பெரியம்மா அழுதார். உண்மையில் உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ள முடியாமல் இதயம் திணறுகிறது, அவ்வளவுதான். 'இதயத் தளர்வு' எனலாமென்றால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தளர்வதோடு அது குழம்பும். வானிலை அறிக்கையில் புயல் 'வலுவிழந்தது' என்கிறார்களே, அதை எடுத்துக்கொண்டு 'இதய வலுவிழப்பு' எனலாம் என்பது என் முடிவு.

கையேட்டின் முகப்பில் இப்போதைக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: 'இதய வலுவிழப்பு உள்ளவர்களுக்கான இதயத் தேற்றுப் பயிற்சி'. 'இதயம்' இரண்டு முறை வருகிறது. ஒன்றைக் குறைக்க வழி தெரிந்தால் சொல்லுங்கள்.