கடைசி ரெண்டு வருஷத்துக்கு பிசினஸ் ஸ்டடீஸ் எடுக்கலாமா? வெறும் மனப்பாடம்னு சொல்றாங்க

நிலா_பதினாறு:
எல்லாருக்கும் வணக்கம். ஸ்கூல்ல கடைசி ரெண்டு வருஷத்துக்கு சப்ஜெக்ட் எழுதிக் குடுக்கணும். மேத்ஸ், எகனாமிக்ஸ் ரெண்டும் முடிவாயிடுச்சு, மூணாவதா பிசினஸ் எடுக்கலாம்னு எனக்கு ரொம்ப ஆசை, பின்னாடி சொந்தமா ஏதாவது தொழில் பண்ணணும். ஆனா அண்ணன் அது மனப்பாட சப்ஜெக்ட், எகனாமிக்ஸே போதும்ங்கறான். புக்க புரட்டிப் பாத்தா நிர்வாகம் பண்ண ஃபயோல் சொன்ன 14 கோட்பாடு, மனுஷனோட தேவைகள சாப்பாடு, பாதுகாப்புன்னு கீழருந்து மேல அடுக்கற மாஸ்லோ பிரமிட், மார்க்கெட்டிங்னா 4 பி (புராடக்ட், பிரைஸ், பிளேஸ், புரொமோஷன்), எல்லாமே லிஸ்ட் லிஸ்ட்டாதான் இருக்கு, அவன் சொல்றது சரிதானோன்னு தோணுது. படிச்சவங்க, சொல்லிக் குடுக்கறவங்க யாராவது சொல்லுங்க. அக்கவுண்டன்சியும் சேத்து எடுக்கணுமா?

வகுப்பறை_ஜன்னல்:
நிலா, நான் இந்த சப்ஜெக்ட்தான் எடுக்கறேன்மா. லிஸ்ட் இருக்கறது உண்மை, அத படிச்சுதான் ஆகணும். ஆனா மார்க் எங்க போகுதுன்னா லிஸ்ட்ட எழுதறதுல இல்ல, கேள்வியில குடுத்திருக்கற கம்பெனிக்கு அது பொருந்துமா பொருந்தாதான்னு சொல்றதுலதான். இப்ப ஃபயோலையே எடுத்துக்கோ, அவர் சுரங்கக் கம்பெனிய வருஷக்கணக்கா நடத்துன இன்ஜினியர், 1916ல அந்த கோட்பாடுகள வெளியிட்டார், அதுல ஒண்ணு ஒரு ஆளுக்கு ஒரே மேலதிகாரிதான் உத்தரவு போடணும்ங்கறது. அதே காலத்து ஆளுதான் டெய்லர்ங்கற அமெரிக்க இன்ஜினியர், அவர் ஒரு தொழிலாளிக்கு மேல எட்டு ஃபோர்மேன் (மேற்பார்வையாளர்) இருக்கணும், ஸ்பீடுக்கு ஒருத்தர் ரிப்பேருக்கு ஒருத்தர் தரம் பாக்க ஒருத்தர்னு பிரிச்சு வைக்கறார். ரெண்டு பேரும் பாடப்புத்தகத்துல அடுத்தடுத்த பக்கத்துலதான் இருக்காங்க, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதுது. இப்ப ஒரு ஃபேக்டரியில புரொடக்ஷன் மேனேஜர் வேகமா பண்ணுங்கறார், குவாலிட்டி மேனேஜர் நிறுத்துங்கறார், தொழிலாளி யார் பேச்ச கேக்கணும்னு கேள்வி வந்தா 14 கோட்பாட்டையும் வரிசையா எழுதிட்டு வர்ற பிள்ளைக்கு பாதி மார்க் கூட வராது.

மாஸ்லோவும் அப்படித்தான். 1943ல அவர் எழுதுன கட்டுரையில பிரமிட் படமே கிடையாது, அந்த தேவைகளோட வரிசை எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும்னும் அவர் சொல்லல. சம்பளம் கம்மியா இருந்தாலும் மரியாதைக்காக ஒரே இடத்துல இருக்கறவங்க இல்லையா? அத எழுதத் தெரிஞ்சா அதுதான் நல்ல பதில்.

கல்லாப்பெட்டி:
டீச்சர் சொன்னதோட சேத்து ஒண்ணு சொல்றேன் தங்கச்சி. நான் சின்னதா தொழில் நடத்தறேன், ஸ்கூல்ல படிச்சதுல இன்னைக்கும் கைகுடுக்கறது பிரேக் ஈவனும் (லாபமும் இல்லாம நஷ்டமும் இல்லாம நிக்கற இடம்) கேஷ் ஃப்ளோவும் (பணம் எப்ப வருது, எப்ப போகுதுங்கறது)தான். வாடகை சம்பளம் மாதிரி வித்தாலும் விக்காட்டியும் போற செலவு 60,000ன்னு வை, ஒரு பொருள் விலை 50, அத செய்ய ஆகற செலவு 30, ஒண்ணுக்கு 20 மிஞ்சுது, அப்ப 3,000 பீஸ் வித்தாதான் கையக் கடிக்காது. சரி, 10 சதவீதம் தள்ளுபடி குடுத்தா கூட்டம் வரும்னு விலைய 45 ஆக்குறோம், இப்ப ஒண்ணுக்கு 15தான் மிஞ்சும், 4,000 விக்கணும். விலைய பத்துல ஒரு பங்குதான் குறைச்சோம், ஆனா மூணுல ஒரு பங்கு அதிகமா வித்தாதான் பழைய இடத்துக்கே வந்து நிக்க முடியும். இந்த ஒரு கணக்கு தெரியாம தள்ளுபடி போர்டு மாட்டறவங்கள பாக்கும்போது மனசுக்கு கஷ்டமா இருக்கும்.

கேஷ் ஃப்ளோ இன்னும் முக்கியம். சரக்கு குடுத்தவருக்கு 30 நாள்ல பணம் கட்டணும், வாங்குனவர் 90 நாள் கழிச்சுதான் தருவார், புக்ல லாபம், கையில காசு இல்ல, சம்பள தேதி வந்துடும். நல்லா வியாபாரம் ஆகுற கம்பெனியே இதுல விழும், ஏன்னா ஆர்டர் கூடக் கூட முன்னாடி போடற பணமும் கூடுது. எகனாமிக்ஸ்ல விலைவாசி, டிமாண்ட் சப்ளை எல்லாம் வரும், ஆனா அடுத்த மாச சம்பளத்துக்கு பணம் எங்கருந்து வரும்ங்கற கேள்விய பிசினஸ்தான் கேக்கும். அண்ணன்கிட்ட இத சொல்லுங்க.

பேரேடு:
அக்கவுண்டன்சி பத்தி கேட்டிருக்கீங்க. இடம் இருந்தா எடுங்க, கட்டாயம் இல்ல. ஒவ்வொரு வரவு செலவையும் ரெண்டு பக்கமா எழுதற டெபிட் கிரெடிட் முறைய பச்சோலிங்கற இத்தாலிய கணித அறிஞர் 1494லயே அச்சுல போட்டுட்டார், அடிப்படை இன்னும் அதேதான், போட்டுப் போட்டுப் பழகணும், வேற வழியில்ல. பிசினஸ்ல பேலன்ஸ் ஷீட்ட (கம்பெனியோட சொத்து, கடன் கணக்க) படிச்சு கம்பெனி எப்படி இருக்குன்னு சொல்லணும், அக்கவுண்டன்சியில அந்த பேலன்ஸ் ஷீட்ட நீங்களே உருவாக்கணும். ஆடிட்டர் ஆகற எண்ணம் இருந்தா சேத்து எடுக்கறது நல்லது. எது எடுத்தாலும் மேத்ஸ விட்டுடாதீங்க, பல இடங்கள்ல எகனாமிக்ஸ் டிகிரிக்கு மேத்ஸ்தான் கேக்கறாங்க, பிசினஸ் படிச்சிருக்கணும்னு கேக்கறது அபூர்வம். நீங்க சேர நினைக்கற காலேஜோட தகுதி என்னன்னு இப்பவே பாத்துடுங்க.

நிலா_பதினாறு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, கல்லாப்பெட்டி அண்ணா போட்ட கணக்க நானே 20 சதவீத தள்ளுபடிக்கு போட்டுப் பாத்தேன், 6,000 பீஸ் வருது, நம்பவே முடியல. மிஸ், நீங்க சொன்ன மாதிரி ஒரு கம்பெனியோட நிலைமைய குடுத்து கேக்கற கேள்விக்கு இப்பலருந்தே எப்படி பழகறது?

வகுப்பறை_ஜன்னல்:
கணக்கு சரிதான்மா. பழகறதுக்கு, செய்தியில வர்ற ஏதாவது ஒரு கம்பெனிய எடுத்துக்கோ, விலைய ஏத்துனாங்க, ஒரு கிளைய மூடுனாங்கன்னு ஒரு முடிவு இருக்கும்ல, அது ஏன் சரி ஏன் தப்புன்னு ரெண்டு பக்கமும் எழுதிட்டு கடைசியில நீ எந்தப் பக்கம்னு காரணத்தோட சொல்லு. நிறைய பிள்ளைங்க ரெண்டு பக்கமும் அழகா எழுதிட்டு முடிவு சொல்லாம விட்டுடுவாங்க, மார்க் போறது அங்கதான். "இது சூழ்நிலைய பொறுத்தது"ன்னு முடிக்காத, எந்த சூழ்நிலைன்னு எழுது, போட்டிக் கம்பெனி விலைய குறைச்சா, இல்ல கடன் வட்டி ஏறுனா என் முடிவு மாறும்னு எழுது.