குந்துகாலில் ஒரு தை விடியல்: நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள்?

உச்சிப்புளி சைக்கிள்காரன்:

முதலில் கோட்டை விட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். மே விடுமுறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து மாமாவும் அத்தையும் வந்திருந்தார்கள், என் மனைவியின் அப்பா அம்மா. தனுஷ்கோடியில் சூரியன் உதிப்பதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று மாமா ஒரே பிடி. மூன்று மணிக்கு எல்லாரையும் எழுப்பி, வேன் பிடித்து, ஐந்தே காலுக்கெல்லாம் சோதனைச் சாவடியில் போய் நின்றோம். ஆறு மணிக்குத்தான் விடுவோம் என்றார்கள்.

மே மாதத்தில் இந்தப் பக்கம் ஆறு அடிக்க ஐந்து, பத்து நிமிடம் இருக்கும்போதே சூரியன் வந்துவிடும். அதை நான் யோசிக்கவே இல்லை. சாலை தென்கிழக்காக ஓடுகிறது, மே மாதச் சூரியனோ கிழக்கிலிருந்து வடக்கே தள்ளி எழும். ஆக, வேனின் இடது ஜன்னலில், சீமைக்கருவேல முள்ளுக்கு நடுவில் ஒரு மஞ்சள் வட்டம் வந்து நின்றது. அத்தை கொட்டாவி விட்டுக்கொண்டே, "ஏனுங் மாப்ள, இதுக்குங்களா மூணு மணிக்கு எழுப்புனீங்க? இது எங்க வீட்டு மொட்டை மாடியிலயே வருமுங்களே" என்றார். மாமா வாயே திறக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்தக் கடுப்பில்தான் தை மாதம் தனியாகக் கிளம்பினேன். இந்த முறை தனுஷ்கோடி இல்லை, பாம்பனுக்குத் தெற்கே இருக்கும் குந்துகால். நாலு மணிக்கு சைக்கிளை எடுத்தேன். மண்டபம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் வாடைக்காற்று இடது பக்கமாக வந்து அறைந்தது. நடுப்பாலத்தில் இறங்கித் தள்ள வேண்டியதாகிவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான். கீழே 1914ஆம் வருடத்துப் பழைய ரயில் பாலமும் அதை ஒட்டி 2025இல் திறந்த புதுப்பாலமும் இருட்டில் இரண்டு கோடுகளாகக் கிடந்தன. வடக்கே பெண் கடல் இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தது, தெற்கே ஆண் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. பேரைக் கேட்டால் நேர்மாறாக இருக்கும் என்று தோன்றும். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம்தான் கொந்தளிக்கும், மன்னார் வளைகுடா அடங்கிவிடும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் கதை மாறிவிடும்.

குந்துகாலில் விவேகானந்தர் நினைவு மண்டபம் இருக்கிறது. 1897 ஜனவரி 26 அன்று அவர் வந்து இறங்கிய இடம். அந்தப் பக்கம் நாய்கள் இரண்டு தவிர யாருமில்லை. தென்கிழக்கைப் பார்த்து உட்கார்ந்தால் வலது கைப் பக்கம் குருசடைத் தீவு ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரியும். தை மாதச் சூரியன் தெற்கே தள்ளி எழுவதால் இடது பக்கம் திறந்த கடலுக்கு மேல் வந்துவிடுகிறது. ஆனி மாதம் இதே இடத்தில் உட்கார்ந்தால் கரைக்கு மேல்தான் வரும், பனைமரம் மறைக்கும்.

ஆறரை ஆகியும் ஒன்றும் காணோம். அடிவானத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மேகத்திட்டு. சரி, இன்றும் போச்சு என்று நினைத்தேன். அப்புறம் மேகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியில் சிவப்பாக ஒரு நகத்துண்டு தெரிந்தது. அது மேலே ஏற ஏற வட்டமாக இல்லை. அடிப்பக்கம் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு, கழுத்து இறுகி, கவிழ்த்து வைத்த பானை மாதிரி நின்றது. கடலை ஒட்டிய காற்றும் அதற்கு மேலே இருக்கும் காற்றும் ஒரே சூட்டில் இல்லாததால் ஒளி வளைந்து அப்படிக் காட்டுமாம். கழுத்து அறுந்து சூரியன் தனியாகப் பிரிந்தது ஒரு நொடிதான். உடனே மேகத்துக்குள் போய்விட்டது. அவ்வளவுதான் நான் பார்த்த உதயம், மொத்தம் மூன்று நிமிடம் இருக்கும்.

வீட்டுக்கு வந்து வீடியோவை அத்தைக்கு அனுப்பினேன். நீலக்குறி விழுந்தது, பதில் இல்லை. நீங்கள் எல்லாம் எங்கே நின்று பார்த்தீர்கள்? மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவில் வேறு நல்ல இடம் இருந்தால் சொல்லுங்கள்.

மண்டபம் முகாம்:

தம்பி, ஒரு திருத்தம். நீங்கள் வேனில் போனதும் பூங்கா இல்லை, சைக்கிளில் போய் உட்கார்ந்ததும் பூங்கா இல்லை. 1986இல் அறிவித்த கடல் தேசியப் பூங்கா என்பது பாம்பன் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமில்லாத கடலும்தான். மொத்தம் 560 சதுர கிலோமீட்டர். தீவில் நம் இஷ்டத்துக்குக் கால் வைக்க முடியாது. குருசடைக்கு மட்டும் வனத்துறை படகு விடுகிறது, அதுவும் பகலில். ஆகவே பூங்காவின் உதயத்தைப் பூங்காவுக்கு வெளியே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். உங்கள் குந்துகால் அதற்குச் சரியான இடம். வலது கைப் பக்கம் கறுப்பாகத் தெரிந்தது என்றீர்களே, அதுதான் பூங்கா.

ஆனால் தனுஷ்கோடியை அப்படி ஒதுக்கிவிடாதீர்கள். மாசி, பங்குனியில் போயிருக்க வேண்டும். முகுந்தராயர் சத்திரம் பக்கம் ஆமை முட்டைகளை மணலில் புதைத்து, வேலி கட்டிப் பாதுகாப்பார்கள். பங்குனி ஆமை ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். பொரிக்க ஏழு வாரம் பிடிக்கும். ஒரு நாள் விடியற்காலையில் குஞ்சுகளைக் கூடையில் கொண்டுவந்து அலைக்குப் பத்தடி தள்ளி மணலில் விட்டார்கள். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் நீளம், கரிக்கட்டை நிறம். நாங்கள் ஏழெட்டுப் பேர் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றோம், செல்போனும் கையுமாக.

குஞ்சு வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் நகரும். எல்லாம் கடலைப் பார்த்துப் போக, ஒன்று மட்டும் திரும்பி என் செல்போன் வெளிச்சத்தைப் பார்த்து வந்தது. பணியாளர் ஒருவர், "அண்ணே, லைட்டை அணைங்க, அது உங்களச் சூரியன்னு நெனச்சிருச்சு" என்றார். அணைத்தேன். அது கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தலையைத் தூக்கி, திரும்பி, முதல் அலையில் புரண்டு, இரண்டாவது அலையில் போய்விட்டது. அதற்குள் சூரியன் ஒரு முழம் மேலே வந்திருந்தது. உதயத்தை நான் பார்க்கவே இல்லை.

பாம்பன் மருமகள்:

அண்ணன் இரண்டு பேரும் கரையில் நின்று பார்த்த கதையைச் சொன்னீர்கள். நான் தண்ணீரில் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

என் மாமியார் பாசி எடுக்கிறவர். முப்பது வருடத்துக்கு மேல். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவருக்குப் பாசி எல்லாம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி. கல்யாணமான புதிதில், நானும் வருகிறேன் என்று அடம்பிடித்து ஒரு நாள் கூடப் போனேன். சேலைக்கு மேல் மாமனாரின் பழைய சட்டை, காலில் ரப்பர் செருப்பு, விரல் பத்திலும் துணி சுற்றிக் கட்டு. கட்டும்போதே மாமியார் சொன்னார், "இறுக்கிக் கட்டு ஆத்தா, பாரு கையக் கிழிச்சுப்புடும்." பார் என்றால் இங்கே பவளப்பாறை.

இருட்டிலேயே படகில் போய் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டோம். எனக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. கிழக்கே வெளுத்ததும் எல்லாப் பெண்களும் திரும்பினார்கள். அடடா, சூரியனைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் பார்த்தது தண்ணீரை. முதல் வெளிச்சம் படும்போது தண்ணீர் எண்ணெய் மாதிரி நின்றால் அடி தெரியும், பாசி எடுக்கலாம். பால் கலந்த மாதிரி இருந்தால் அன்றைக்குக் கண்ணாடி மாட்டியும் பிரயோசனமில்லை. மாமியார் ஒரு கை அள்ளி முகர்ந்துகூடப் பார்த்தார். எதற்கு என்று கேட்டேன், சிரித்தார், சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

அப்போதுதான் சூரியன் வந்தது. கரையில் நிற்கும்போது சூரியன் கீழே இருந்து மேலே ஏறும், இல்லையா? இடுப்பளவு தண்ணீரில் குனிந்து நின்றால் அப்படி இல்லை. நம் கண்ணும் தண்ணீரும் சூரியனும் ஒரே மட்டம். அதுவும் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற மாதிரி இருந்தது, நம்மோடு பாசி எடுக்க வந்த இன்னொரு ஆள் மாதிரி. நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, பக்கத்தில் ஒருவரையும் காணோம். எல்லாரும் முங்கிவிட்டார்கள். தண்ணீருக்கு மேல் நானும் சூரியனும்தான்.

இப்போது தீவுப் பக்கம் போக முடிவதில்லை. போன பெண்களின் படகை நிறுத்தி, பாசியைக் கொட்டச் சொன்ன நாளும் உண்டு. கடலைக் காப்பாற்ற வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்துக்குப் பன்னிரண்டு நாள் மட்டும் எடுப்பது, பாசியை வேரோடு பிடுங்காமல் விடுவது எல்லாம் பெண்களே பேசி வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அக்காவுக்கு இதற்காக 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருதே கிடைத்தது. படம் பிடிக்க வருகிறவர்கள் கொஞ்சம் அதையும் கேட்டுவிட்டுப் போகலாம்.

கீழக்கரைக்காரன்:

எங்கள் பக்கம் அப்பா தீவு, வாலைத் தீவு, தலையாரித் தீவு என்று வரிசையாக இருக்கும். நான் சொல்வது இல்லாத தீவைப் பற்றி. பூவரசன்பட்டி என்று ஒன்று இருந்தது, தண்ணீருக்குள் போய்விட்டது. 21 தீவில் இரண்டு இப்படி மூழ்கிவிட்டன. இன்னொன்று தூத்துக்குடிப் பக்கம் விலாங்குசல்லி.

வாப்பாவோடு சின்ன வயதில் வத்தை என்கிற சின்னப் படகில் போயிருக்கிறேன். விடியும் நேரம். ஒரு இடத்தில் வாப்பா துடுப்பை நிறுத்திவிட்டு, "இங்கதான்டா பூவரசன்பட்டி" என்றார். சுற்றிலும் தண்ணீர். சூரியன் சரியாக அதற்கு மேலே வந்தது, அவ்வளவுதான். ஏன் மூழ்கியது என்று கேட்டேன். வீட்டுக்கு வந்து எங்கள் பழைய வீட்டுச் சுவரைக் காட்டினார். சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் பூப்பூவாகப் பவளக்கல். கட்டடத்துக்கும் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் அந்தக் காலத்தில் படகு படகாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். பார் போனால் அலைக்குத் தடுப்பு போச்சு, மண் நிற்காது. 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், இப்போது ஒரு துண்டு எடுத்தாலும் வழக்கு. எங்கள் சுவர் அப்படியே இருக்கிறது. காலையில் கிழக்கு ஜன்னல் வெயில் அதன் மேல்தான் விழும்.

உச்சிப்புளி சைக்கிள்காரன்:

பாம்பன் தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் மூன்று நிமிட வீடியோவைப் போடவே வெட்கமாக இருக்கிறது. ஒன்று சொல்லியாக வேண்டும். அன்று சூரியன் மேகத்துக்குள் போனதும் நான் எழுந்துவிட்டேன். வரும் வழியில் பெண்கள் நாலைந்து பேர் ஈரச் சட்டையோடு எதிரே வந்தார்கள். மீன்காரப் பெண்கள் என்று நினைத்து, சூடை என்ன விலை என்று கேட்டேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போதுதான் புரிகிறது.

அத்தையிடமிருந்து நேற்றுப் பதில் வந்தது. வீடியோவில் கடைசி பத்து நொடி, நான் செல்போனை அணைக்க மறந்து நடந்தபோது, பாம்பன் சாலையோரத்தில் ஒரு பாட்டி பனங்கிழங்கு கட்டு வைத்து விற்றது பதிவாகியிருக்கிறது. "கட்டு என்ன விலைங்க மாப்ள? அடுத்த தைக்கு வர்றோம். ஆனா அஞ்சரைக்கு முன்னாடி எழுப்பக் கூடாது."

பாம்பனிலேயே தங்கினால் ஐந்தரை போதும்.