மீளிணைப்பும் மீளிணைவும்: சுயி காலச் சீனத்துக்கான கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பிளவுண்ட நாடு மீண்டும் ஓர் ஆட்சியின்கீழ் வருவதைக் குறிக்க 'மறு ஒருங்கிணைப்பு' என்ற சொல் நம் கலைச்சொல் பட்டியலில் முன்வைக்கப்பட்டுள்ளது. ஒருங்கிணைப்பாளர், ஒருங்கிணைப்புக் குழு என்று நாள்தோறும் புழங்குவதால், பலருடைய வேலைகளை ஒழுங்குபடுத்துவதையே அச்சொல் இன்று நினைவூட்டுகிறது. ஓர் அரசு மற்றோர் அரசை வென்று தன்னுள் அடக்கியதை அது உணர்த்தவில்லை. அதற்கு மாற்றாக 'மீளிணைப்பு', 'மீளிணைவு' ஆகிய இரண்டையும் வெவ்வேறு பொருளில் ஏற்கலாம் என்பது என் கருத்து. 'மீள்' என்பது மீள்குடியேற்றம், மீள்பார்வை போன்ற சொற்களில் முன்பே வேரூன்றியிருக்கிறது.

இரண்டு சொற்கள் தேவை என்பதற்கு, 581 முதல் 618 வரை சீனத்தை ஆண்ட சுயி வம்சமே சான்று. சீனம் முழுவதையும் ஆண்ட மேலைச் சின் அரசு 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீழ்ந்தபின், வடக்கும் தெற்கும் ஏறத்தாழ 270 ஆண்டுகள் பிரிந்தே கிடந்தன. 581இல் வடக்கின் ஆட்சியைக் கைப்பற்றிய யாங் ஜியன், அதாவது வென் பேரரசர், 589இல் யாங்சி ஆற்றுக்கு அப்பால் படையனுப்பித் தெற்கிலிருந்த சென் அரசை வீழ்த்தினார். அதன் தலைநகரான ஜியன்காங் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டு, அந்த நிலம் உழவுக்கு விடப்பட்டது. வென்றவர் செய்த செயல் என்பதால் இது பிறவினை. 'மீளிணைப்பு' என்பதே பொருந்தும். மறு ஆண்டே தெற்கில் பெருங்கிளர்ச்சி வெடித்ததை நினைத்தால், 589இல் நாடு இணைந்துவிட்டது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இணைவு அதற்குப் பிறகுதான் நிகழத் தொடங்கியது. அதில் பௌத்தத்தின் பங்கு பெரிது. வடக்கில் 574இல் தடைசெய்யப்பட்டிருந்த பௌத்தத் துறவியர் சங்கத்துக்கு, பிக்குணி ஒருவரிடம் வளர்ந்த வென் மீண்டும் வாழ்வளித்தார். அவருடைய மகன் யாங் குவாங், தெற்கின் பெருந்துறவியான தியன்தாய் ஜியீயை அழைத்து 591இல் அவரிடம் போதிசத்துவ விரதம், அதாவது எல்லா உயிர்களின் நலனுக்காக வாழும் உறுதிமொழி, ஏற்றார். வென்ற அரசின் இளவரசர் தோற்ற நாட்டுத் துறவியின் முன் மாணவராக நின்றது படைபலத்தால் கிடைக்கக்கூடிய ஒன்றன்று.

601இல் நடந்ததையும் இங்குச் சொல்லியாக வேண்டும். வென் தம் அறுபதாம் பிறந்தநாளில் புத்தரின் தாதுக்களை 30 மாநிலங்களுக்கு அனுப்ப ஆணையிட்டார். (தாது என்பது இங்கே புத்தரின் உடலில் எஞ்சிய எலும்பு முதலியன. 'எச்சம்' என்பது பறவையின் கழிவையும் குறிப்பதால் 'தாது' என்றே எழுதுகிறேன், தாதுகோபுரம் என்ற சொல் இலங்கையில் வழக்கிலும் உள்ளது.) தாதுவைப் பொற்குப்பியில் இட்டு, அதைப் பளிங்குக் குப்பிக்குள் வைத்து, மூடியை நறும்பிசின் குழம்பால் பூசி முத்திரையிட்டனர். பத்தாம் மாதம் பதினைந்தாம் நாள் நண்பகலில், எல்லா ஊர்களிலும் ஒரே நேரத்தில் அவை தூபிகளுக்குள் வைக்கப்பட்டன. மக்கள் காசு கொடுக்கலாம், ஆனால் ஒருவர் பத்துக் காசுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று அந்த ஆணை வரம்பிட்டது. செல்வர் மட்டுமன்றி எளியவரும் பங்கேற்கட்டும் என்ற எண்ணமே இதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். வடக்கிலும் தெற்கிலும் இருந்தவர்கள் ஒரே வேளையில் ஒரே செயலில் இணைந்தனர். ஆணை அரசனுடையதுதான், ஆனாலும் இணைந்தவர்கள் மக்கள் என்பதால் இதை 'மீளிணைவு' என்ற தன்வினைச் சொல்லால் குறிக்கவேண்டும்.

இரு சொற்களும் ஒலியில் நெருங்கியிருப்பதால் குழப்பம் வரும் என்ற தயக்கம் எழலாம். விலைக்குறைவையும் விலைக்குறைப்பையும் ஒன்றென யாரும் மயங்குவதில்லை. பௌத்தம் 'பரவியது', பௌத்தத்தைப் 'பரப்பினர்' என்பவற்றையும் நாம் இயல்பாகவே பிரித்தறிகிறோம்.

இந்த அளவுகோலின்படி, 280இல் மேலைச் சின் அரசு தெற்கின் வூ அரசை வென்றது மீளிணைப்பு மட்டுமே. நாற்பது ஆண்டுகள்கூட நிலைக்காத அந்த ஒற்றுமையை மீளிணைவு என்று சொல்வதற்கில்லை. 10ஆம் நூற்றாண்டுச் சோங் அரசுக்கு எது பொருந்தும் என்பதை அக்காலத்தை நன்கு கற்றவர்கள் எழுதினால், பட்டியலில் இரண்டு சொற்களுக்கும் எடுத்துக்காட்டுகளுடன் விளக்கம் சேர்த்துவிடலாம்.