கீழே விழவே இல்லை, அம்மாவுக்கு முதுகெலும்பு எப்படி உடைந்தது?

முதுநகர் மகள்:
அம்மாவுக்கு 68 வயது. கடலூர் முதுநகரில் போன செவ்வாய்க்கிழமை குழாயடியில் குனிந்து குடத்தைத் தூக்கியவர், "முதுகுல மளுக்குன்னுதுடி" என்று அப்படியே வைத்துவிட்டார். வாய்வுப் பிடிப்பு என்று நினைத்து நாலு நாள் தைலம் தேய்த்தேன். படுத்தால் பரவாயில்லை, எழுந்து உட்கார்ந்தால் துடிக்கிறார். எக்ஸ்ரேயில் எல்1 என்ற இடுப்புப் பகுதி முதுகெலும்பு முன்பக்கம் நசுங்கியிருக்கிறது, கம்ப்ரெஷன் ஃபிராக்சர் என்கிறார்கள். விழாமல் எப்படி உடையும்? நான் தேய்த்ததில் ஏதும் ஆகியிருக்குமா? மனசு அடித்துக்கொள்கிறது.

கோரிமேடு பிசியோ:
தைலத்தால் உடையவில்லை அக்கா, அந்தப் பயத்தை விடுங்கள். இனி அழுத்தித் தேய்க்க வேண்டாம், அவ்வளவுதான். முதுகெலும்பின் உள்பக்கம் ரஸ்க் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். மாதவிடாய் நின்ற பிறகு அந்தப் பின்னல் மெலிந்துகொண்டே போகும். குனிந்து பாரம் தூக்கும்போது சுமை எலும்பின் முன்பக்கம் இறங்கும். அந்தப் பக்கம் அமுங்கி, எலும்பு ஆப்பு மாதிரி ஆகிவிடும். விறைப்பான நெஞ்சுப் பகுதியும் வளையும் இடுப்புப் பகுதியும் சேரும் இடம் டி12, எல்1. அதிகம் மாட்டுவது அங்கேதான். எலும்பு ரொம்ப மெலிந்துவிட்டால் பலமான இருமலே போதும். எலும்பை மெலிய வைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை ஏதும் அம்மா சாப்பிடுகிறாரா? உயரம் குறைந்த மாதிரி தெரிகிறதா?

முதுநகர் மகள்:
வீசிங்குக்கு ஆறேழு வருஷமாகத் தினம் ஒரு சின்ன மாத்திரை. பழைய சீட்டைக் காட்டியே கடையில் வாங்குவோம். இப்போதுதான் அட்டையைப் படித்தேன், பிரெட்னிசோலோன். அது ஸ்டீராய்டுதான். உயரம்... முன்பு கணுக்காலுக்கு மேல் நின்ற அதே நைட்டி இப்போது தரையில் புரள்கிறது. தினமும் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. மாத்திரையை இன்றே நிறுத்திவிடட்டுமா?

நெல்லிக்குப்பத்தான்:
நிறுத்திவிடாதே தங்கச்சி! வருஷக்கணக்கில் சாப்பிட்டதைத் திடீரென்று விட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனும் கேள்; அதில் வரும் டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. காய்ச்சல், எடை குறைவது, ராத்திரியில் வலி கூடுவது இருந்தால் மறைக்காமல் சொல். காசநோயும் புற்றுநோயும்கூட எலும்பை இப்படி நசுக்கும், எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பார்கள். என் அம்மாவுக்கு பெல்ட்டும் வலி மாத்திரையுமாக மூன்று மாதத்தில் வலி அடங்கியது. அப்புறம்தான் எலும்புக்கு ஊசி ஆரம்பித்தார்கள். கால் மரத்தாலோ, சிறுநீர் தெரியாமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே, உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போ.

முதுநகர் மகள்:
சரி அண்ணா. கால் நன்றாக அசைக்கிறார், காய்ச்சல் இல்லை. நாளைக்கு ஜிப்மர் போகிறோம். பஸ் குலுக்கல் வேண்டாம் என்று கார் சொல்லிவிட்டேன். மாத்திரை அட்டையும் பழைய சீட்டும் பையில் இருக்கின்றன. குடத்தைப் பரணில் ஏற்றியாகிவிட்டது.